அப்படியே கைக்கு எட்டுது சார்

“தெரியுதா?” என்று இரண்டாம் முறையாகக் கேட்டார் பெரிய டாக்டர்.

முக்காலிக்கு ஒன்றும் தெரியவில்லை. கொடுத்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். இடது கண்ணை மூடிப் பார்த்தாள், வலது கண்ணை மூடிப் பார்த்தாள். எதிரே புத்தம்புதுத் திரையில் ரப்பர் பித்தப்பை ஒன்று, சுவரில் மாட்டிய காலண்டர் படம் மாதிரி தட்டையாகத் தெரிந்தது. பழைய திரையிலும் அது நேற்று வரை அப்படித்தான் தெரிந்துகொண்டிருந்தது.

“ஆஹா!” என்றான் பக்கத்தில் நின்ற நெட்டை.

“பிரமாதம் சார். இதுக்கு மேல புத்தகத்துல படிக்க என்ன இருக்கு?” என்றார் பண்டிதர்.

எந்நேரமும் அரைக்கண்ணில் நிற்கும் தூங்குமூஞ்சிகூட முழுக் கண்ணையும் திறந்து, “உள்ள இறங்கி நடந்து போற மாதிரி இருக்கு சார்” என்றான்.

இந்த நால்வரும் அந்த ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை கற்றுக்கொள்ளும் இரண்டாம் வருடப் பயிற்சி டாக்டர்கள். மூன்று பேருக்குப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று சொல்லவே வேண்டாம். முக்காலிக்கு வந்தது அவள் உயரத்தால். ஆபரேஷன் மேசை அவள் நெஞ்சு மட்டத்துக்கு வரும் என்பதால், ஒரு குட்டி முக்காலியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் கத்தியைப் பிடிப்பாள்.

கத்தி என்பதுகூட இப்போது பேச்சுக்குத்தான். வயிற்றைக் கிழிக்காமல் மூன்று நான்கு சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றவற்றில் நீளமான கருவிகளையும் விட்டு, திரையைப் பார்த்தே வேலையை முடிக்கிற காலம் இது. அதில் ஒரே ஒரு தொல்லை. வயிறு ஆழமானது, திரை தட்டையானது. எது முன்னால், எது பின்னால் என்பதை டாக்டர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் இந்த த்ரீ-டி இயந்திரம். இதன் கேமராவுக்கு நம்மைப் போலவே இரண்டு கண். கண்ணாடி போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஆழத்தோடு எழுந்து நிற்கும் என்று பெரிய டாக்டர் பத்து வருஷமாகச் சொல்லி, எழுதி, கெஞ்சி, சண்டை போட்டு வாங்கியிருந்தார். அன்று காலைதான் பெட்டியைப் பிரித்தார்கள். கொண்டுவந்த ஆசாமி வயர்களைச் செருகி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த ஊருக்கு வண்டி பிடிக்கப் போய்விட்டான்.

“நீ ஏம்மா பேசாம நிக்கிற? தெரியுதா, இல்லையா?”

‘எனக்குத் தெரியல சார்.’ மூன்றே வார்த்தை. அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்து, நீங்களும் உங்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். ஆனால் ஆறு பேர் இருக்கிற அறையில் ஐந்து பேருக்குத் தெரிவது தனக்கு மட்டும் தெரியவில்லை என்று சொல்ல எவளுக்கு மனசு வரும்?

“அப்படியே கைக்கு எட்டுது சார்!” என்றாள்.

சொன்னதோடு நின்றாளா? இல்லை. பெரிய டாக்டர் கருவியின் முனையைக் கேமராவை நோக்கி நகர்த்தியதும், முகத்தில் குத்த வருகிற மாதிரி தலையைப் பின்னால் இழுத்தாள். இழுத்த வேகத்தில் முக்காலி சரிந்தது. ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் பின்னால் நின்று தாங்கிப் பிடிக்கவில்லை என்றால், அன்றைக்கே அவளுக்கு எலும்புப் பிரிவில் ஒரு படுக்கை போட்டிருப்பார்கள்.

“பார்த்து டாக்டர்” என்றார் சிஸ்டர். முப்பது வருஷமாக அந்த தியேட்டரில் இருக்கிறவர். அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் கிணற்றில் போட்ட கல்தான்.

பெரிய டாக்டருக்கு ஒரே குஷி. “பார்த்தீங்களாப்பா? இவளுக்குத்தான் ஆழம் நல்லாப் பிடிபடுது!”

மற்ற மூவரும் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். முக்காலி அசடு வழியச் சிரித்தாள்.

*

“ஏங்க, எனக்குக் கண்ணு சரியில்லைன்னு நினைக்கிறேன்” என்றாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக.

அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வரைந்த முப்பத்தெட்டு யானைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட அன்னிக்கே எங்கம்மா அதைத்தான் சொன்னாங்க.”

“விளையாடாதீங்க. ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தாத்தான் ஆழம் தெரியும். சில பேருக்கு அந்த ரெண்டும் சேராது. பொறந்ததுலேர்ந்தே அப்படி இருக்கும், அவங்களுக்கே தெரியாது. எனக்கு அதுதான் போல.”

விஷயத்தை முழுக்கக் கேட்டதும் அவர் யானைகளை ஓரம் கட்டினார். இரண்டு பென்சிலை எடுத்தார். ஒன்றைத் தான் நீட்டிப் பிடித்து, இன்னொன்றை அவளிடம் கொடுத்து, முனையோடு முனையைத் தொடச் சொன்னார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். சரியாகத் தொட்டுவிட்டாள். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு தொட்டாள். பென்சில் அவர் மூக்கைத் தொட்டது.

“கையை ஆட்டாம பிடிங்களேன்!”

“நீ மூஞ்சிய அப்படி வெச்சுக்கிட்டா சிரிப்பு வருது, என்ன பண்றது? கொண்டா, நான் பண்றேன்.”

அவரும் செய்து பார்த்தார். மூன்று தடவை செய்தும் மூன்று தடவையும் தவறியது. அவர் முகம் சுருங்கிப்போனது. “ஏம்மா, இது ஒட்டுவாரொட்டியா?”

மறுநாள் கண் பரிசோதனைக்குப் போனாள். சொந்த ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போகவில்லை. அங்கே இருக்கிற டாக்டர் தினமும் பதினொரு மணிக்குப் பெரிய டாக்டரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறவர். அதனால் கடைத்தெருவில் இருந்த கண்ணாடிக் கடைக்குப் போய், வேறு ஏதோ ஆபீசில் வேலை பார்ப்பதாகச் சொல்லி எழுத்துகளைப் படித்தாள். கடைசி வரியில் இருந்த பொடி எழுத்துவரை தடதடவென்று படித்தாள்.

“உங்களுக்குக் கண்ணாடியே தேவையில்லம்மா. கண்ணு ரெண்டும் தங்கம்” என்றார் கடைக்காரர்.

வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பார்கள். முக்காலி டாக்டருக்குப் படித்தவள் ஆயிற்றே!

“கண்ணு ரெண்டும் நல்லா இருக்காம்” என்று கணவரிடம் வந்து சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது.

“நல்ல சேதிதானே, எதுக்கு அழுவற?”

“கண்ணு நல்லா இருக்குன்னா கோளாறு மூளையிலங்க! அதுக்கு மருந்தே கிடையாது.”

டிராயிங் வாத்தியாருக்கு மூளையைப் பற்றித் தெரியாது. ஆனால் தட்டைக் காகிதத்தில் ஆழம் காட்டுவதுதான் அவர் பிழைப்பு. அன்று முதல் சாப்பாட்டு மேசை பள்ளிக்கூடமானது. கிண்ணம், பந்து, தீப்பெட்டி எல்லாவற்றையும் அடுக்கி செல்போனில் படம் எடுத்துக் காட்டுவார். “நிழல் எங்க விழுது பாரு. எது எதை மறைக்குது பாரு. மறைக்கிறது முன்னாடி, மறையறது பின்னாடி. கிட்ட வர்றது பெருசாகும்.” அவள் பார்த்துப் பார்த்துச் சொல்வாள். பத்து நாளில் ஒரு தப்புகூட வரவில்லை. தியேட்டரில் பெரிய டாக்டர் எதைக் காட்டி முன்னா பின்னா என்று கேட்டாலும் பட்பட்டென்று சொன்னாள்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அடுத்த வில்லங்கத்தைக் கொண்டுவந்தது.

*

பெரிய டாக்டர் ஒரு ஆராய்ச்சியை ஆரம்பித்தார். பயிற்சிப் பெட்டிக்குள் வரிசையாக முளைகள். ஆறு ரப்பர் வளையங்களை நீளக் கருவியால் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முளையிலிருந்து இன்னொரு முளைக்கு மாற்ற வேண்டும். முதலில் பழைய திரையைப் பார்த்துச் செய்ய வேண்டும். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு புதுத் திரையில் அதையே செய்ய வேண்டும். சிஸ்டர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதுவார்.

முதல் நாள் முக்காலிக்குப் பழைய திரையில் எண்பத்தெட்டு விநாடி ஆனது. புதுத் திரையிலும் எண்பத்தெட்டு விநாடி.

வியர்த்துக் கொட்டியது. ஒரு வாரம் இப்படியே போனால் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். புதுத் திரையில் வேகத்தைக் கூட்டலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. கை ஏற்கெனவே அது போகக்கூடிய வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே வழி. மறுநாள் பழைய திரையில் தடவ ஆரம்பித்தாள். வளையத்தை எடுக்கப் போய் அந்தரத்தில் கவ்வினாள். முளைக்குப் பக்கத்தில் போட்டாள். “ச்சே, ஆழமே தெரியலையே!” என்று பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி சலித்துக்கொண்டாள். நூற்றி எழுபது விநாடி!

அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல், மற்ற மூன்று பேரும் பழைய திரையில் திணறியதுதான். போன மாதம்கூட அதே திரையைப் பார்த்து ஒரு பித்தப்பையை அலுங்காமல் எடுத்த நெட்டை, இப்போது ஆறு வளையத்தில் நாலைக் கீழே போட்டான். த்ரீ-டியில் பழகிய கண்ணுக்கு இனிமேல் பழையது பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கொடுத்துவைத்தவர்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

வார முடிவில் பெரிய டாக்டர் வரைபடத்தைப் போட்டுக் காட்டினார். நால்வருக்கும் புதுத் திரையில் நேரம் குறைந்திருந்தது. நாலு கோட்டில் ஒரு கோடு மட்டும் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்த மாதிரி செங்குத்தாக இறங்கியிருந்தது.

“இது யாரு தெரியுமா? நம்ம முக்காலி!”

கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். வேறு என்ன செய்வது?

“வர்ற வியாழக்கிழமை வெளியூர்லேர்ந்து பன்னிரண்டு சர்ஜன்கள் வர்றாங்க. இந்த மெஷின்ல நேரடியா ஒரு பித்தப்பை ஆபரேஷன் காட்டப் போறோம். நான் பக்கத்துல நிப்பேன். கருவியைப் பிடிக்கப் போறது” என்று நிறுத்தி, அவளைப் பார்த்தார்.

முக்காலி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

*

புதன்கிழமை காலை நோயாளியைப் பார்க்க வார்டுக்குப் போனாள். பஸ் டிரைவர். ஐம்பது வயது இருக்கும். பித்தப்பையில் கல்.

“நீங்கதான் பண்ணப் போறீங்களாம்மா?”

“நானும் பெரிய டாக்டரும்.”

“புது மெஷின்ல உள்ள இருக்கறதெல்லாம் கையில வெச்சுப் பாக்கற மாதிரி தெரியுமாமே? பெரிய டாக்டர் சொன்னாரு.”

அவள் சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினாள். “பழைய மெஷின்லயும் நல்லாத்தாங்க பண்ணுவோம்.”

“இருக்கட்டும்மா. சும்மா கேட்டேன். நானும் கண்ணை நம்பித்தான் பிழைக்கிறேன். போன வருஷம் ஒருநாள் எதிர்ல வர்ற வண்டி எவ்ளோ தூரத்துல வருதுன்னு மட்டுப்படல. நேரா டிப்போவுல வண்டிய விட்டுட்டு, ‘எனக்கு இன்னிக்குக் கண்ணு சரியில்ல, வேற ஆளை அனுப்புங்க’ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சானுங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். பின்னாடி அம்பது பேரு உக்காந்திருக்கானே.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தாரு, சரியாப் போச்சு.” அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு நல்லாத் தெரியும்ல?”

“தெரியும்” என்றாள் முக்காலி.

பெரிய டாக்டரிடம் சொன்ன பொய் வேறு, வரைபடத்தில் சொன்ன பொய் வேறு. இது நாளைக்கு மயங்கிப் படுக்கப் போகிறவனின் முகத்தைப் பார்த்துச் சொன்னது. வார்டை விட்டு வெளியே வந்தவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இத்தனைக்கும், பழைய திரையைப் பார்த்து அவள் பதினேழு பித்தப்பைகளுக்குக் கை கொடுத்திருக்கிறாள். ஒன்றிலும் ஒரு சொட்டு ரத்தம் அதிகம் சிந்தியதில்லை. ஆனால் அதெல்லாம் வெறும் அதிர்ஷ்டமா? ஆழமே தெரியாத ஒருத்தி, நிழலை எண்ணிக்கொண்டு, மனுஷ வயிற்றுக்குள் இத்தனை நாள் கை விட்டுக்கொண்டிருந்தாளா? பத்து வயதிலிருந்து அவள் ஆசைப்பட்ட ஒரே வேலை இது. அந்த வேலைக்கு அவள் லாயக்கில்லை என்றால் அதை அவளேதான் சொல்லியாக வேண்டும். அந்த டிரைவருக்கு இருந்த யோக்கியம்கூடத் தனக்கு இல்லையே என்று அழுகை வந்தது.

மருத்துவர் ஓய்வறையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். தனக்கு ஆழம் பார்க்கும் சக்தி இல்லை, த்ரீ-டி திரையில் முதல் நாளிலிருந்தே எதுவும் தெரியவில்லை, ஆராய்ச்சியில் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன், மன்னிக்கவும், என்னைத் தோல் நோய்ப் பிரிவுக்கு மாற்றிவிடவும். தோல் என்றால் எல்லாம் மேலேயே இருக்கும், ஆழம் பார்க்க வேண்டியதில்லை.

கடிதத்தோடு பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். அவர் வரைபடத்தைப் பெரிய அட்டையில் ஒட்டி, நாளைக்கு மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா. நேரா இருக்கா பாரு.”

“சார், ஒரு விஷயம் சொல்லணும்.”

“எனக்குத் தெரியும்” என்றார்.

அவள் கடிதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பயமா இருக்கு, அதானே? பன்னிரண்டு பேரு பாக்கறாங்கன்னா யாருக்கும் இருக்கும்.” சுத்தியலைக் கீழே வைத்தார். குரல் இறங்கியது. “இந்த மெஷினுக்காகப் பத்து வருஷம் ஒவ்வொரு படியா ஏறி இறங்கினேம்மா. எதுக்கு? நாங்கல்லாம் தட்டுத்தடுமாறிக் கத்துக்கிட்டோம். உங்களுக்காவது எல்லாம் தெளிவாத் தெரியட்டும்னுதான். இந்தக் கோட்டைப் பாக்கறப்பல்லாம் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? உனக்குத் தெரியுதே, அது போதும்.”

அவர் கண்ணில் ஈரம். அந்த மனுஷனிடம் கடிதத்தை நீட்ட அவளுக்குக் கை வரவில்லை.

“கொஞ்சம் வலது பக்கம் ஏறியிருக்கு சார்” என்றாள்.

“எது?”

“அட்டை.”

வெளியே வந்தாள். கால் தானாக தியேட்டருக்குப் போனது. மதிய வேளை. ஆபரேஷன் எதுவும் இல்லை. சிஸ்டர் தனியாக உட்கார்ந்து நாளைக்கு வேண்டிய கருவிகளைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க டாக்டர்.”

உட்கார்ந்ததும் அத்தனையும் கொட்டிவிட்டாள். முதல் நாள், பென்சில், கண்ணாடிக் கடை, மூளை, எண்பத்தெட்டு விநாடி, டிரைவர், தோல் நோய்ப் பிரிவு எல்லாவற்றையும் அழுகையும் விக்கலுமாகச் சொல்லி முடித்தாள். “எல்லாருக்கும் தெரியுது சிஸ்டர். எனக்கு மட்டும் அந்தத் திரையில ஒண்ணுமே தெரியல. என்னை நம்பி ஒருத்தர் நாளைக்கு வந்து படுக்கப் போறாரு. நான் பண்ண மாட்டேன். இந்தக் கடுதாசியை நீங்களே சார்கிட்ட கொடுத்துடுங்க.”

சிஸ்டர் கடிதத்தை வாங்கிக்கொண்டார். படிக்கவில்லை. கருவிக் கட்டின் முடிச்சை நிதானமாக இறுக்கி, ஓரமாக வைத்தார்.

“என்கிட்ட ரகசியம்னு சொன்னதை இந்த முப்பது வருஷத்துல நான் வெளிய விட்டதில்ல. ஆனா நாளைக்கு ஒரு உயிர் மேசைக்கு வருது. இனிமே என்னால வாயைக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது.”

“சொல்லிடுங்க சிஸ்டர். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க” என்றாள் முக்காலி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“அதில்ல டாக்டர். இந்த மெஷின் வந்ததுலேர்ந்து ‘எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல சிஸ்டர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ன்னு என்கிட்ட வந்து சொன்ன அஞ்சாவது ஆள் நீங்க. முதல் ஆள் பெரிய டாக்டர்.”